பாளையப் போர்களில் காலாட்படை உத்திகள்

பாளையப் போர்களில் காலாட்படை உத்திகள் என்பது 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 1800–1801 ஆண்டுகளிலும் தென் தமிழகத்தில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் பாளையக்காரர்களுக்கும் இடையே நடந்த போர்களில் இரு தரப்புக் காலாட்படைகளும் கையாண்ட போர்முறைகளைக் குறிக்கும். ஒருபுறம் வரிசையாக நின்று துப்பாக்கி சுடப் பழகிய சிப்பாய்ப் பட்டாளங்கள் இருந்தன. மறுபுறம் நீண்ட ஈட்டி, வளரி, வாள், திரித்துப்பாக்கி ஆகியவற்றைக் கொண்டு காட்டையும் மண்கோட்டையையும் அரணாக்கிப் போரிட்ட நாட்டுப் படைகள் இருந்தன. புதுக்கோட்டைத் தொண்டைமானின் படை இரண்டாம் வகைப் போர்முறையைச் சேர்ந்தது. ஆனால் அது கம்பெனியின் பக்கம் நின்றது. இதனால் இப்போர்களைப் புரிந்துகொள்வதில் புதுக்கோட்டைப் பகுதிக்குத் தனி இடம் உண்டு.

பின்னணி

மதுரை நாயக்கர் ஆட்சியில் நாடு பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பாளையக்காரரும் வரி தண்டுதல், காவல் காத்தல், போர்க்காலத்தில் படை அனுப்புதல் ஆகிய கடமைகளை ஏற்றிருந்தனர். நாயக்கர் ஆட்சி மறைந்த பின்னர் ஆற்காட்டு நவாப் இப்பகுதிகள் மீது உரிமை கோரினார். நவாப் முகமது அலி கம்பெனிக்குக் கடன்பட்டிருந்ததால் வரி தண்டும் அதிகாரம் படிப்படியாகக் கம்பெனியின் கைக்குச் சென்றது. வரி கேட்டு வந்தவர்களோடு பட்டாளமும் வந்தது.

1751 முதல் 1754 வரை திருச்சிராப்பள்ளியை மையமாகக் கொண்டு நடந்த கருநாடகப் போரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினர். ஐரோப்பியக் காலாட்படைப் பயிற்சி பெற்ற பட்டாளங்களின் வலிமையைத் தமிழகம் இந்தப் போரில்தான் நெருக்கமாகக் கண்டது. 1748-இல் கடலூர் புனித டேவிட் கோட்டைக்கு வந்த ஸ்டிரிங்கர் லாரன்ஸ், கம்பெனியின் படையை ஒழுங்குபடுத்தினார். 1750-களின் இறுதியில் சென்னை மாகாணச் சிப்பாய்கள் பட்டாளங்களாக அமைக்கப்பட்டனர். அச்சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்நாட்டு மக்களே. பின்னாளில் கம்பெனியை எதிர்த்து மதுரையில் போரிட்டு 1764-இல் தூக்கிலிடப்பட்ட யூசுப் கான் (மருதநாயகம்) சிப்பாய்ப் படைத்தலைவராக உயர்ந்தவரே ஆவார்.

கம்பெனிக் காலாட்படையின் போர்முறை

கம்பெனிச் சிப்பாயின் முதன்மை ஆயுதம் சக்கிமுக்கித் துப்பாக்கி. அது குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கப்படுவது. நன்கு பழகிய வீரர் ஒரு நிமிடத்தில் இரண்டு அல்லது மூன்று முறை சுடலாம். குழலின் உட்புறம் வழவழப்பாக இருந்ததால் குறி துல்லியமாக அமையாது. ஏறத்தாழ 100 மீட்டருக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிவைத்து வீழ்த்துவது அரிது.

இக்குறையை ஈடுசெய்யவே வரிசை அணி தோன்றியது. வீரர்கள் தோளோடு தோள் சேர்ந்து இரண்டு அல்லது மூன்று வரிசைகளில் நின்று கட்டளைக்கு ஏற்ப ஒருசேரச் சுட்டனர். ஒரு குண்டு தவறினாலும் நூறு குண்டுகள் ஒன்றாகப் பாயும்போது எதிரே வருபவர் தப்புவது கடினம். ஒரு பிரிவு சுட்டுவிட்டு மருந்து கெட்டிக்கும்போது அடுத்த பிரிவு சுடும். எனவே சூடு இடைவிடாமல் தொடரும். எதிரி நெருங்கிவிட்டால் துப்பாக்கி முனையில் செருகிய கத்தி (சனியன்) துப்பாக்கியையே குட்டை ஈட்டியாக மாற்றிவிடும். நாற்புறமும் தாக்குதல் வந்தால் பட்டாளம் சதுர அணியாக நின்று நான்கு பக்கமும் சுடும்.

இம்முறைக்குச் சில தேவைகள் இருந்தன:

- வரிசை கலையாமல் நிற்பதற்கு ஏற்ற திறந்த நிலம்
- நனையாத வெடிமருந்து
- பீரங்கி வண்டிகள் செல்லத்தக்க பாதை
- காளைகள் சுமந்து வரும் உணவு, மருந்து, குண்டு ஆகியவற்றின் தடையற்ற வரத்து
- கட்டளைக்கு உடனே இயங்கும் பயிற்சியும், அதற்கான மாதச் சம்பளமும்

இவற்றில் ஒன்று குறைந்தாலும் பட்டாளத்தின் வலிமை குன்றியது. பாளையக்காரர்களின் உத்திகள் பெரும்பாலும் இத்தேவைகளைக் குலைப்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தன.

பாளையப் படைகளின் ஆயுதங்களும் போர்முறையும்

நீண்ட ஈட்டி

பாளையப் படையின் முதுகெலும்பாக இருந்தது நீண்ட ஈட்டி. கருநாடகப் போரின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம், கள்ளர் நாட்டு வீரர்களின் ஈட்டி 18 அடி நீளமுடையது என்று குறிப்பிடுகிறார். இது ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். கத்தி செருகிய துப்பாக்கியின் நீளம் ஏறத்தாழ ஆறு அடி மட்டுமே. ஆகவே கைகலப்பில் ஈட்டிக்காரரின் எட்டு மூன்று மடங்கு அதிகம். தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்து மறைவிலிருந்து தாக்குவதிலும், இரவில் பகைவர் பாசறைக்குள் புகுந்து குதிரைகளைக் கொல்வதிலும் கவர்வதிலும் இவர்கள் தேர்ந்தவர்கள் என்று ஓர்ம் எழுதுகிறார்.

ஈட்டிக்காரருக்கு இருந்த பெரும் இடர், எதிரியை நெருங்கும் வரை குண்டு மழையைக் கடப்பதே. திறந்த வெளியில் 100 மீட்டர் ஓடிக் கடக்க ஏறத்தாழ 20 நொடிகள் ஆகும். துப்பாக்கி மீண்டும் கெட்டிக்கவும் ஏறத்தாழ அதே நேரம் ஆகும். எனவே ஓடி வருபவர் ஒன்று அல்லது இரண்டு முழுச் சூடுகளைத் தாங்க வேண்டும். அருகிலிருந்து சுடப்படும் இரண்டாவது சூடே பேரழிவை உண்டாக்கும். புதர், ஓடை, கண்மாய்க் கரை, இருட்டு ஆகியவை இந்த 100 மீட்டரை 20 அல்லது 30 மீட்டராகச் சுருக்கின. அப்போது ஈட்டிக்குச் சாதகமான நிலை உருவாயிற்று. பாளையக்காரர் திறந்த வெளிப் போரை இயன்றவரை தவிர்த்ததற்கு இதுவே காரணம். இதனைக் கோழைத்தனம் என்று சில ஆங்கில அதிகாரிகள் கருதினாலும், ஆயுதத்தின் இயல்பறிந்து வகுத்த உத்தி என்று கொள்வதே பொருந்தும்.

வளரி

வளரி என்பது வளைந்த எறிபடை. மரத்தாலும் இரும்பாலும், சிறுபான்மை தந்தத்தாலும் செய்யப்பட்டது. ஒரு முனை பருத்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். மெலிந்த முனையைப் பிடித்துச் சுழற்றி எறிவர். ஓடும் ஆளின் அல்லது குதிரையின் கால்களைத் தாக்கி வீழ்த்துவது இதன் முதன்மைப் பயன். கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1795-இல் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றதைத் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். 1801-இல் அதே மருதுவை எதிர்த்து அவர் போரிட நேர்ந்தது. புதுக்கோட்டை அரண்மனை ஆயுதச் சாலையிலும் வளரிகள் வைக்கப்பட்டிருந்தன.

மண்கோட்டை

பாளையக்காரர்களின் கோட்டைகள் பெரும்பாலும் கெட்டியான களிமண்ணால் எழுப்பப்பட்டவை. கற்சுவர் பீரங்கிக் குண்டு பட்டால் உடைந்து சிதறும். மண்சுவரோ குண்டைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். இடிந்த பகுதியை இரவோடு இரவாக மண்ணும் பனைமரமும் கொண்டு அடைத்துவிடலாம். சுவரைச் சுற்றி அடர்ந்த முள்வேலி இருந்தது. ஏணியோடு ஓடி வருபவர்களை அவ்வேலி நிறுத்திவைக்கும். அந்த நேரத்தில் உள்ளிருப்போர் சுட்டும் குத்தியும் வீழ்த்துவர்.

பாஞ்சாலங்குறிச்சி: மண்கோட்டையின் பாடம்

1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். நேரடித் தாக்குதல் தோல்வியுற்றது. கம்பெனிக்குக் கூடுதல் படை வருவதை அறிந்த வீரபாண்டிய கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். தொண்டைமான் நாட்டுக் காட்டுப் பகுதியில் பிடிபட்ட அவர், அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது.

1801 பிப்ரவரி 2 அன்று கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். அவரும் அவரைச் சேர்ந்தோரும் சில நாட்களிலேயே பாஞ்சாலங்குறிச்சியில் மீண்டும் சுவர் எழுப்பினர். அங்கு விரைந்த மேஜர் மெக்காலே வழியிலேயே ஈட்டிக்காரர்களால் தாக்கப்பட்டார். திறந்த நிலத்தில் நடந்த அம்மோதலில் துப்பாக்கி வரிசை நிலைத்து நின்றது. ஆனால் கோட்டையை நெருங்கியதும், தரைமட்டமாகிவிட்டதாக எண்ணியிருந்த இடத்தில் சுவர் நிற்பதைக் கண்டு மெக்காலே பாளையங்கோட்டைக்குத் திரும்பினார்.

மார்ச் 31 அன்று கூடுதல் படையுடன் நடந்த தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. பீரங்கிகள் கொத்தளத்தை உடைத்தன. ஐரோப்பியரும் சிப்பாய்களும் முள்வேலியைக் கடந்து உடைப்பின் மீது ஏறினர். ஆனால் உச்சியை அடைந்த ஒவ்வொருவரும் வீழ்த்தப்பட்டனர். காரணம் கோட்டை வீழ்ந்த பின்னரே கம்பெனியாருக்கு விளங்கியது. கொத்தளத்தின் உட்புறம் குடையப்பட்டிருந்தது. குண்டுகள் எட்டாத அப்பள்ளத்தில் ஈட்டிக்காரர்கள் நின்றனர். உடைப்பின் மேல் தோன்றும் எவரையும் அவர்களின் நீண்ட ஈட்டிகள் கீழிருந்தே எட்டிக் குத்தின. மேலே நின்றவரால் கீழே இருப்பவரைப் பார்த்துச் சுடவும் இயலவில்லை. குட்டையான துப்பாக்கிக் கத்தியால் எட்டவும் இயலவில்லை. ஐந்தரை மீட்டர் ஈட்டிக்குத் தக்க களத்தை மண்வெட்டியால் உருவாக்கிய உத்தி இது.

இதன் பிறகு கம்பெனி ஏறத்தாழ இரண்டு மாதம் காத்திருந்தது. கர்னல் அக்னியூ தலைமையில் பெரிய பீரங்கிகளும் கூடுதல் ஐரோப்பியப் படையும் குதிரைப்படையும் வந்து சேர்ந்தன. 1801 மே 24 அன்று அகலமான உடைப்பு ஏற்படுத்தப்பட்டுக் கோட்டை பிடிக்கப்பட்டது. கோட்டையிலிருந்து வெளியேறியவர்கள் திரளாக அணிவகுத்துச் சென்றனர். திறந்த வெளிக்கு வந்ததும் குதிரைப்படை அவர்களைத் தாக்கியது. மண்சுவரும் மறைவும் இல்லாத நிலையில் ஈட்டிப் படையின் வலுக்குறைவு அங்கே வெளிப்பட்டது. படுகாயமுற்று வீழ்ந்த ஊமைத்துரையை அவ்வட்டார மக்கள் மறைத்துக் காத்தனர். அம்மை கண்டு இறந்தவர் எனச் சொல்லித் துரத்தி வந்தோரை அவர்கள் விலக்கியதாக வெல்ஷ் எழுதுகிறார்.

காளையார்கோவில்: காட்டுப் போர்

தப்பிய ஊமைத்துரை சிவகங்கையின் மருது சகோதரர்களிடம் சென்றார். 1801 ஜூன் 16 அன்று சின்ன மருது திருச்சிராப்பள்ளியில் ஒட்டச் செய்த அறிக்கை, எல்லாச் சாதியினரையும் கம்பெனிக்கு எதிராக ஒன்றுபட அழைத்தது. போர் மண்கோட்டையிலிருந்து காட்டுக்கு மாறியது.

ஜூலை இறுதியில் அக்னியூவின் படை சிறுவயலை அடைந்தபோது, சின்ன மருது தம் ஊரையே தீயிட்டுப் பின்வாங்கியிருந்தார். அங்கிருந்து காளையார்கோவிலுக்கு இடைப்பட்ட தொலைவு சில மைல்களே. ஆனால் இடையில் இருந்தது அடர்ந்த முட்காடு. காட்டை வெட்டிப் பாதை அமைக்கக் கம்பெனி முயன்றது. மரம் வெட்டுவோர் முன்னே செல்ல, அவர்களைக் காக்கச் சிப்பாய்கள் இருபுறமும் நின்றனர். இங்கே வரிசை அணிக்கு இடமே இல்லை. மருதுவின் வீரர்கள் புதருக்குள்ளிருந்து சுட்டனர். வெட்டிய பாதையில் தடுப்புகளை எழுப்பினர். பின்னால் வரும் உணவு வண்டிகளைத் தாக்கினர். சிப்பாய்கள் சுட்ட சூடு பெரும்பாலும் மரங்களிலேயே பட்டது. ஒரு மாத உழைப்புக்குப் பின் செப்டம்பர் தொடக்கத்தில் அக்னியூ அம்முயற்சியைக் கைவிட்டுத் திரும்பினார்.

அடுத்த வெற்றி படைக்கலத்தால் மட்டும் வரவில்லை. 1801 செப்டம்பர் 12 அன்று சோழபுரத்தில் படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கையின் உரிமையாளராகக் கம்பெனி அறிவித்தது. பழைய அரச மரபின் மீது பற்றுக் கொண்டிருந்தோர் பலர் மருதுவை விட்டு விலகினர். அக்டோபர் 1 அன்று கம்பெனிப் படை மூன்று பிரிவுகளாகப் பல திசைகளிலிருந்து நுழைந்து காளையார்கோவிலைப் பிடித்தது. ஒரே பாதையைக் காத்துப் பழகிய காட்டுப் படையால், ஆள் குறைந்த நிலையில் மூன்று முனைகளைக் காக்க இயலவில்லை. மருது சகோதரர்கள் அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரிலும், ஊமைத்துரை நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டனர்.

புதுக்கோட்டையும் கறம்பக்குடிப் பகுதியும்

கறம்பக்குடி இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் தஞ்சாவூர் மாவட்ட எல்லையை ஒட்டி அமைந்த ஊர். தொண்டைமான் மரபினர் வடக்கேயிருந்து தெற்கு நோக்கி வந்து, கறம்பக்குடியிலும் அதனை அடுத்த அம்புக்கோவிலிலும் குடியமர்ந்தனர் என்பது புதுக்கோட்டை வரலாற்று நூல்கள் குறிப்பிடும் மரபுச் செய்தி. அங்கிருந்து வளர்ந்த அவர்களின் ஆட்சி 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதுக்கோட்டை அரசாக நிலைபெற்றது.

தொண்டைமானின் படையில் மாதச் சம்பளம் பெறும் வீரரைவிட நிலமானியம் பெற்ற அமரக்காரர்களே மிகுதி. இவர்கள் அமைதிக் காலத்தில் உழுதனர். அழைப்பு வந்தால் சேர்வைக்காரர்களின் தலைமையில் ஈட்டியோடும் வாளோடும் திரண்டனர். இவ்வமைப்பால் அரசுக்குச் செலவு குறைவு. நாட்டின் ஒவ்வொரு காட்டுப் பாதையையும் அறிந்த வீரர்கள் கிடைத்தனர். ஆனால் தொடர்ந்த அணிப்பயிற்சிக்கு இதில் வாய்ப்பில்லை. விதைப்பும் அறுப்பும் வந்தால் படை கலையும்.

கம்பெனிக்கு இப்படையின் பயன் துப்பாக்கி வரிசையில் நிற்பதில் இல்லை. கருநாடகப் போரில் திருச்சிராப்பள்ளியில் ஆங்கிலேயர் முற்றுகையிடப்பட்டபோது, தொண்டைமான் நாட்டிலிருந்து காட்டுவழியாகச் சென்ற உணவு அவர்களைத் தாங்கியது. அதற்குப் பழிவாங்க 1754-இல் பிரெஞ்சு–மைசூர்ப் படை தொண்டைமான் நாட்டுக்குள் புகுந்தது. மக்கள் கால்நடைகளோடு காட்டுக்குள் சென்று மறைந்ததால் அப்படை பெரும்பாலும் வெற்றூர்களையே கண்டது. 1781-இல் ஐதர் அலியின் படையிடமிருந்து கீழாநிலைக் கோட்டையைத் தொண்டைமான் படை மீட்டது. 1801-இல் அக்னியூவுக்கு ஆட்களும் உணவும் தொண்டைமான் நாட்டிலிருந்து சென்றன.

இவ்வாறு ஒரே வகை ஈட்டியும் வளரியும் இரு தரப்பிலும் இருந்தன. பட்டாளத்துக்குப் புலப்படாத பாதைகள் தொண்டைமானின் ஆட்களுக்குத் தெரிந்திருந்தன. தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை அரசுகளோடு நீண்ட நாள் எல்லைப் பகை கொண்டிருந்த சிறிய அரசு, தன்னைக் காத்துக்கொள்ள வலியவரோடு சேர்ந்தது என்பது ஒரு விளக்கம். விடுதலைப் போரைக் காட்டிக்கொடுத்த செயல் என்பது மற்றொரு மதிப்பீடு. இவ்விரு பார்வைகளும் இன்றும் தமிழகத்தில் நிலவுகின்றன. 1803-இல் கீழாநிலைப் பகுதி தொண்டைமானுக்கு உறுதி செய்யப்பட்டது. புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாகத் தொடர்ந்து 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது.

தோல்விக்கான காரணங்கள்

பாளையப் படைகளின் தோல்வியைத் துப்பாக்கியின் வெற்றி என்று மட்டும் கூறுவது பொருந்தாது. பாஞ்சாலங்குறிச்சியிலும் காளையார்கோவிலிலும் நேர்முகத் தாக்குதல்களை அவை முறியடித்தன. முடிவை வேறு சில காரணங்களே தீர்மானித்தன.

- கால அளவு: தோற்ற படையைக் கம்பெனியால் மாற்ற முடிந்தது. சென்னை, திருச்சிராப்பள்ளி, இலங்கை எனப் பல இடங்களிலிருந்து அதற்கு ஆட்கள் வந்தனர். பாளையக்காரருக்கு இழந்த ஒவ்வொரு வீரரும் ஈடுசெய்ய இயலாத இழப்பு.
- பீரங்கி: மண்சுவர் சிறு பீரங்கிகளைத் தாங்கியது; பெரிய பீரங்கிகளின் தொடர் தாக்குதலைத் தாங்கவில்லை.
- குதிரைப்படை: கோட்டையிலிருந்து வெளியேறும் படையைத் துரத்த அது பயன்பட்டது.
- ஒற்றுமைக் குறைவு: எட்டயபுரம், புதுக்கோட்டை போன்றவை கம்பெனியோடு நின்றன. வழிகாட்டிகளும் உணவும் அங்கிருந்தே கிடைத்தன.

விளைவுகள்

1801 ஜூலை 31 அன்று செய்யப்பட்ட உடன்படிக்கையால் கருநாடகத்தின் ஆட்சி கம்பெனிக்குச் சென்றது. போர் முடிந்தபின், 1801 டிசம்பர் 1 அன்று ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, ஆயுதங்களை ஒப்படைக்கவும் கோட்டைகளை இடிக்கவும் ஆணையிட்டது. சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட 73 பேர் 1802-இல் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர்.

ஆயுதப் பறிப்பால் போர்க்கலை மட்டும் அழியவில்லை. ஊர்க்காவலையும் படைப்பணியையும் வாழ்வாகக் கொண்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தொழிலை இழந்தன. காவல் உரிமையை இழந்த சமூகங்கள் பல, அடுத்த நூற்றாண்டில் அரசின் ஐயப்பார்வைக்கும் இறுதியில் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கும் உள்ளாயின. பாஞ்சாலங்குறிச்சியின் உடைப்பைக் காத்த ஈட்டிகள் மறைந்தன. எஞ்சிய வளரிகளில் சில இன்று அருங்காட்சியகங்களில் காட்சிப் பொருளாக உள்ளன.